எனக்கு வராத இளஞ்சிவப்பு

“நிறுத்து சரவணா! நிறுத்து! செவந்து போச்சு!”

செல்வமேரி கத்திய பிறகுதான் பியூரெட்டின் திருகை மூடினேன். கையிலிருந்த கூம்புக் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது எனக்குத் தண்ணீராகத்தான் தெரிந்தது.

“எங்க செவந்திருக்கு?”

“வெளையாடாத. நல்லா ரோஸ் கலர்ல நிக்கிது. அர மில்லி தாண்டிட்ட.”

நான் விளையாடவில்லை. அவள்தான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அரிமளத்தில் நான் பிளஸ் டூ படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகம் அது. நீளமான அறை. அமிலம் சிந்திச் சிந்திப் பொரிந்துபோன மேசைகள். குழாயில் தண்ணீர் வராது. மூலையில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் ஒரு குவளையும் இருக்கும். காலையில் பிளஸ் ஒன் பிள்ளைகள் உப்பு ஆராய்ந்துவிட்டுப் போனால், அழுகிய முட்டை வாடை மத்தியானம் வரைக்கும் நிற்கும். அது என் சட்டையில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும்.

எனக்கு அந்த வாடை பிடிக்கும். இந்தத் தொடரில் போன வாரம், இயற்பியலில் நான் தப்பிப் பிழைத்த கதையைச் சொல்லியிருந்தேன். வேதியியலில் தப்பிக்கும் தேவையே வராது என்றுதான் இருந்தேன். எனக்குப் பிடித்த பாடம் அது ஒன்றுதான். அம்மோனியா புட்டியின் வாயில் அமிலம் தொட்ட கண்ணாடிக் குச்சியைக் காட்டியதும், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்புமே, அதை முதல்முறை பார்த்த அன்றே, படித்தால் இதைத்தான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

பதினெட்டு புள்ளி நான்கு

தரம்பார்த்தல் என்று ஒரு சோதனை. வேதியியல் படிக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

கீழே குடுவையில் இரும்பு உப்புக் கரைசலும் கொஞ்சம் அமிலமும். மேலே தாங்கியில் பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாய், அதில் அடர் ஊதா நிறத்தில் பெர்மாங்கனேட். அதைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விட வேண்டும். விழுந்த சொட்டின் நிறம் குடுவைக்குள் மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல், லேசான இளஞ்சிவப்பு அப்படியே நின்றுவிடும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பார்க்க வேண்டும். மீதியெல்லாம் கணக்கு.

கணக்கு எனக்கு நொடியில் வரும். இளஞ்சிவப்புதான் வரவில்லை.

எங்கள் வேதியியல் ஆசிரியை தேவகி மிஸ் திருமயத்திலிருந்து பேருந்தில் வருவார். பேருந்து தாமதமானால் வாசலில் இருந்தே பாடத்தை ஆரம்பித்துக்கொண்டு உள்ளே நுழைகிற ஆள். எல்லோருடைய அளவையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது அவர் வழக்கம். பதினெட்டு புள்ளி நான்கு. பதினெட்டு புள்ளி ஐந்து. பதினெட்டு புள்ளி நான்கு. அப்புறம் என்னுடையது: பதினெட்டு புள்ளி ஒன்பது.

“ஏம்ப்பா, ஒனக்கு மட்டும் தனியா வேற உப்புக் கொடுத்தேனா?”

வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் பத்தொன்பது. அதற்கடுத்த வாரம் பயந்துபோய் முன்னாலேயே நிறுத்திவிட்டேன், பதினைந்து.

“தியரியில முதல் மார்க்கு. லேபுக்குள்ள வந்தா கவனமே இல்ல. மனசு எங்க இருக்கு ஒனக்கு?” என்றார் மிஸ்.

மனசு அந்தக் குடுவைக்குள்தான் இருந்தது. கண் வலிக்கிற வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் மாதிரி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் நான் சோம்பேறி என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம் மிளகாய்ச் செடி. பழுத்ததை மட்டும் பறித்துவா என்று அம்மா அனுப்புவார். நான் பாதிக்குப் பாதி காயாகப் பறித்துவருவேன். “கண்ண எங்க வச்சுக்கிட்டுப் பறிச்ச?” என்று கேட்பார். தொட்டுப் பார்த்துப் பறிக்கலாம் என்று நானே கண்டுபிடித்தேன். ஆனால் அதற்கு நேரமாகும். நேரமானால், “ஆடி அசைஞ்சு வாரான் பாரு” என்று வசவு விழும்.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா என்னைத் திட்டும்போது கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும்.

“ஒங்க மாமன் மாதிரி ஆயிராதடா.”

மாமன் என்றால் அம்மாவின் ஒரே தம்பி. சேகர் மாமா. ரயில் ஓட்டுகிற வேலைக்குத் தேர்வு எழுதி, எங்கள் பக்கத்து ஊர்களிலேயே அவர் ஒருத்தர்தான் தேறினார். அம்மாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. என் தம்பி ரயில் ஓட்டப்போறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மாமா மருத்துவப் பரிசோதனைக்குத் திருச்சி போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். “அந்த வேல எனக்குப் பிடிக்கல. நான் போகல” என்றார். அவ்வளவுதான். யார் கேட்டும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

கிடைத்த வேலையைக் காலால் எட்டி உதைத்தவன் என்று ஊர் பேசியது. அம்மாவும் அதையேதான் பேசினார், இன்னும் சத்தமாக. ஒரு மாதத்தில் மாமா ஊரைவிட்டுப் போய், ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு கல்யாணம், சாவு என்றால் வருவார். அக்காவும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் அந்த ஒற்றை வாக்கியம்தான்.

ஓர் இருமல்

செல்வமேரி என் ஆய்வகக் கூட்டாளி. பெயர் வரிசைப்படி அடுத்தடுத்து நிறுத்தியதில் வந்த கூட்டு. சரவணனுக்கு அடுத்தது செல்வமேரி. அவளுக்கு மனப்பாடம் வராது. ஆனால் கை சுத்தம். அவள் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்தால் அளவுக் கோடு அசையாது.

நான் நாலாவது வாரமும் தோற்றபோது அவளே ஒரு வழி சொன்னாள்.

“இங்கேரு, நான் இருமுறேன். நான் இருமுனதும் நீ திருக மூடிரு.”

அப்படியே செய்தோம். பதினெட்டு புள்ளி நான்கு. மறு வாரம் பதினாறு புள்ளி ஒன்று, வகுப்பில் எல்லோருக்கும் வந்த அதே பதினாறு புள்ளி ஒன்று. மிஸ் என் ரெக்கார்டு நோட்டில் ‘நன்று’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டார்.

“இப்பத்தான் மனசு வச்சிருக்க” என்றார்.

அந்த ‘நன்று’வைக் கையால் மறைத்துக்கொண்டேன். கரும்பலகையில் பதினெட்டு புள்ளி ஒன்பது என்று எழுதிய அன்றுகூட நான் அவ்வளவு குன்றிப்போகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. இந்தச் சரி என்னுடையது இல்லை. பொதுத்தேர்வில் செல்வமேரி பக்கத்தில் நிற்க மாட்டாள் என்பதும் தெரிந்ததுதான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் விலங்கியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. புத்தகத்தைத் திறக்காமல், டப்பாவிலிருந்து இரண்டு கலர் பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இது என்ன கலரு?”

“காப்பிக் கலரு.”

“இது?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு பென்சிலில் பச்சை என்று அச்சிட்டிருந்த இடத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, மரபியல் பாடத்தில் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினாள்.

‘நிறக்குருடு’ என்று தலைப்பு.

மூன்று தடவை படித்தேன். நிறம் என்ற சொல் கண்ணில் நிற்கவில்லை. குருடு என்பதுதான் நின்றது.

கீழே ஒரு படம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ள கட்டம் கறுப்பாக அடைத்திருந்தது. அம்மா என்கிற வட்டத்துக்குக் குறை இல்லை. நடுவில் ஒரு புள்ளி மட்டும். அவள் அதைச் சுமக்கிறாள், அவ்வளவுதான். அவளிடமிருந்து ஒரு கோடு மகனுக்கு இறங்கியது. அந்தக் கட்டம் கறுப்பு. அவளுக்குப் பக்கத்திலேயே, அவள் உடன்பிறந்தவன் என்று இன்னொரு கட்டம். அதுவும் கறுப்பு.

நான் அந்தப் பக்கத்துக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன?” என்றாள் செல்வமேரி.

“எங்க மாமா” என்றேன்.

ஐஸ் பிளாண்ட்

அறந்தாங்கியில் கைடு வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அறந்தாங்கியில் பேருந்து மாறி ஜெகதாப்பட்டினம் போனேன். இறங்கும்போதே மீன் வாடையும் டீசல் வாடையும் மூக்கில் ஏறின. அந்த வாரம் இரண்டு படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டிருந்ததால் மற்ற படகுகளும் கடலுக்குப் போகாமல் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஐஸுக்கு ஆள் இல்லை. பிளாண்டில் ஒரு எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நின்று, புகைகிற கந்தகக் குச்சி ஒன்றைக் குழாய் இணைப்புகளின் பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மோனியா கசிந்தால் அந்தப் புகை வெள்ளையாகத் தடிக்கும். என்னைப் பார்த்ததும் குச்சியைத் தண்ணீரில் முக்கி அணைத்தார்.

“என்ன மாப்ள, வீட்ல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?”

“இல்ல மாமா. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

டீ வாங்கிவரச் சொன்னார். வந்தது. நான் குடித்து முடித்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

“மாமா, ஒங்களுக்குப் பச்சையும் செவப்பும் தெரியுமா?”

கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல. எனக்குத் தெரியல மாமா. அதான் கேட்டேன்.”

மாமா எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தைச் சும்மா ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“திருச்சியில ஒரு புஸ்தகத்தக் காட்டுனாங்க. பக்கம் பூராப் புள்ளி. எனக்கு முன்னால நின்னவன் ஆறுங்கிறான், நாப்பத்தஞ்சுங்கிறான். எனக்குப் புள்ளிதான் தெரியுது, நம்பரு எங்கிட்டு இருக்குன்னே தெரியல. சிக்னல் பாத்து ரயில் ஓட்டுற வேல மாப்ள. அவுங்கள ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அத வீட்ல சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லணும்னுதான் பஸ் ஏறுனேன். அந்த டாக்டரு கடைசியா ஒண்ணு கேட்டாரு. ஒனக்கு அக்கா தங்கச்சி இருக்கா, அவுங்களுக்கு ஆம்பளப் பிள்ள இருக்கான்னு. இருக்குன்னேன். அந்தப் பிள்ளைக்கும் வரலாம், அம்மா வழியாத்தான் வரும்னாரு. நீ அப்பத் தொட்டில்ல கெடந்த. ஒங்கம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒன்னயத் தூக்கிக்கிட்டு ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலையும். தன்னாலதான் வந்துச்சுன்னு ராப்பகலா அழுகும். ஊர்ல ‘கண்ணுக் கொற உள்ள குடும்பம்’னு ஒரு பேரு வந்துரும். அதுக்கு என்னயவே வஞ்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

பதினேழு வருடம். அம்மாவின் ஏச்சு அத்தனையும் இந்த மனிதர் தெரிந்தே வாங்கிக்கொண்டது.

எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

“இந்தா, அழுகாத. கெமிஸ்ட்ரிய விட்டுத் தொல. காலேஜுல காமர்ஸ் எடு. பரீச்சையில ஏதோ வந்தத எழுதிட்டு வா. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. அக்காகிட்டச் சொல்லிராத, சத்தியமா.”

அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மற்றதற்குச் சத்தியம் செய்யவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் எந்த ஊர் எப்போது போனது என்றே தெரியவில்லை. மாமாமேல் மலையளவு பிரியம் வந்திருந்தது. ஆனால் அவர் சொன்ன மாதிரி வாழ முடியாது என்றும் தெரிந்தது. ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேனே.

இரண்டு குடுவைகள்

திங்கட்கிழமை காலையில் தேவகி மிஸ்ஸிடம் போனேன். கையில் விலங்கியல் புத்தகம். சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்டது என் கண்ணைப் பற்றி இல்லை.

“அப்ப இந்த ரீடிங்கெல்லாம் எப்படி வந்துச்சு?”

“செல்வமேரி இருமுனா மிஸ்.”

மிஸ் என்னைப் பார்த்தார். வாசலில் ஒளிந்து நின்ற செல்வமேரியைப் பார்த்தார். பிறகு ரெக்கார்டு நோட்டைத் திறந்து, அந்த ‘நன்று’களை ஒவ்வொன்றாக அடித்தார். அடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கவனமில்ல, கவனமில்லன்னு வருசம் பூரா வஞ்சிருக்கேன். நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“எனக்கே தெரியாது மிஸ்.”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஆய்வகச் சாவியை எடுத்து வைத்தார். “எப்படிச் செய்யிறதுன்னு எனக்கும் தெரியல. இருபது வருசத்துல இப்படி ஒருத்தன் வந்ததில்ல. மத்தியானம் சாப்புட்டுட்டு ரெண்டு பேரும் வாங்க. நீயா செஞ்சு பாரு. இருமல் கூடாது.”

ஒரு மாதம், பள்ளி இருந்த நாளெல்லாம், மத்தியானம் முப்பது நிமிடம்.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. செல்வமேரி தூரமாக உட்கார்ந்து, நான் முடித்த பிறகு வந்து பார்த்து, “ஓவர்” என்பாள்; இல்லையென்றால் “இன்னும் வரல” என்பாள். வாளித் தண்ணீர் தீர்ந்து, இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவோம்.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, நிறத்தைத் தேடுவதை விட்டுவிட்டுச் சொட்டை மட்டும் பார்த்தேன். பெர்மாங்கனேட் சொட்டு விழும்போது அது கருமையாக விழுவது எனக்கும் தெரியும். விழுந்து, ஒரு கோடாக இழுபட்டு, மறையும். முதலில் விழுந்த உடனே மறைந்தது. அளவு ஏற ஏற, அந்தக் கோடு மறைய ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. அப்புறம் இன்னொரு கணம். முடிவு நிலை பக்கத்தில் வந்துவிட்டது என்று சொட்டே சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஆனால் கடைசிச் சொட்டு எது? அதற்குத்தான் இரண்டாவது குடுவை. அதே அளவு தண்ணீரும் அமிலமும் ஊற்றி, வெள்ளைத் தாளில் பக்கத்திலேயே வைத்தேன். கோடு மெதுவாக மறைய ஆரம்பித்ததும் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். ஒரு சொட்டில், சோதனைக் குடுவையில் இருப்பது மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி லேசாக அழுக்காகத் தெரியும். சிவப்பு இல்லை, நீலம் இல்லை. அழுக்கு. அவ்வளவுதான்.

“செல்வமேரி, இப்ப வந்து பாரு.”

வந்தாள். குனிந்தாள். நிமிரவே இல்லை.

“என்ன?”

“ரொம்ப லேசா வந்திருக்கு. நானே இவ்வளவு சரியா நிறுத்த மாட்டேன்” என்றாள். உலகத்துக்கெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்த அந்த அழுக்கை, அன்று நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்முறைத் தேர்வு அன்று எனக்குக் காலைப் பிரிவு, செல்வமேரிக்கு மத்தியானம். வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். மேசை மேசையாக நடந்து வந்தவர் என் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

“எதுக்குத் தம்பி ரெண்டு ஃபிளாஸ்க்கு?”

தேவகி மிஸ் வாயைத் திறக்கப்போனார். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“எனக்கு நிறக்குருடு சார். ரோஸ் கலரு தெரியாது. ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக வச்சிருக்கேன்.”

பக்கத்து மேசையில் யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தது கேட்டது. தேர்வாளர் திரும்பிப் பார்த்ததும் அது நின்றது.

“சரி, செய்யி” என்றார். ஆனால் நகரவில்லை. என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

பியூரெட்டைப் பிடித்த விரல் வேர்த்தது. சொட்டு விழுந்தது, மறைந்தது. விழுந்தது, கொஞ்சம் நின்று மறைந்தது. இரண்டு குடுவையையும் பார்த்தேன். இன்னொன்று. பார்த்தேன். இன்னொன்று.

“இதுதான் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குடுவையை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தார்.

“வந்திருச்சு” என்றார். “இதுக்கு மேல ஒரு சொட்டு போயிருந்தா தப்பு.”

தேவகி மிஸ் அவசரமாக எதையோ தேடுவது போல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் கேட்டு எழுதுவதற்குள். செய்முறையில் எனக்கு முழு மதிப்பெண் வந்தது. கல்லூரியில் வேதியியலே எடுத்தேன். இப்போது வேதியியல்தான் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்தில் எந்த மாணவர் வேண்டுமானாலும் இரண்டாவது குடுவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். செல்வமேரி மணப்பாறைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். போனில் கூப்பிட்டால், ‘ஹலோ’வுக்கு முன்னால் ஒரு இருமல்தான் வரும்.

அம்மா படித்த பாடம்

தேர்வு முடிந்து நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி என் பிரிவில் இருந்தாள்.

அம்மா வாசலில் நின்றார். கையில் போன். சிங்கப்பூருக்கு ஏற்கெனவே பேசி அப்பாவையும் கலவரப்படுத்தியாகிவிட்டது.

“கண்ணுல என்னடா ஒனக்கு? இங்கிட்டு வா. இது எத்தன வெரலு?”

“மூணு.”

“இது?”

“ரெண்டும்மா. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். சில கலரு மட்டும்தான் தெரியாது.”

“குருடுன்னு சொன்னியாமே, அத்தன பேரு முன்னாடி!”

“புஸ்தகத்துல அப்புடித்தான் பேரு போட்டிருக்கான். நான் வச்ச பேரு இல்ல.”

அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவர். உட்காரவைத்து விலங்கியல் புத்தகத்தைக் காட்டினேன். வாசித்தார், சொல் சொல்லாக, உதடு அசைய. படத்துக்கு வந்ததும் விரலை வைத்தார். விரல் கீழே இருந்த கறுப்புக் கட்டத்தில் நின்றது.

“இது நீயி.”

“ஆமா.”

விரல் மேலே ஏறிப் புள்ளி வைத்த வட்டத்தில் நின்றது. “இது நானு.” ஒரு பெருமூச்சு. “என்னாலதான் வந்துச்சா?”

“யாராலயும் இல்லம்மா. வருது. அவ்வளவுதான்.”

விரல் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கத்துக் கறுப்புக் கட்டம்.

“இது யாரு?”

நான் பேசவில்லை. சத்தியம் செய்திருந்தேன்.

அம்மா அந்தக் கட்டத்தின் கீழே இருந்த வரியைத் தானே வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“திருச்சிக்குப் போயிட்டு வந்தான்” என்றார், தனக்குத்தானே. “ரெண்டு நாளாச் சோறு திங்கல. நான் அத்தன பேச்சுப் பேசுறேன், வாயத் தொறக்கல.” அப்புறம் என்னைப் பார்த்தார். “ஒனக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன்.

மறுநாள் முதல் பேருந்தில் அம்மாவும் நானும் கிளம்பினோம். ஜெகதாப்பட்டினத்தில் அன்று படகுகள் வந்திருந்தன. பிளாண்ட் வாசலில் ஐஸ் ஏற்றுகிற வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. மாமா அம்மாவைப் பார்த்ததும் என்னைத்தான் முறைத்தார்.

“நான் சொல்லல மாமா. பாடப் புஸ்தகத்துல இருந்துச்சு.”

“ஏன்டா சொல்லல?” என்றார் அம்மா. எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. “நான் என்ன அந்நியமா?”

“அதெல்லாம் பழைய கதைக்கா. இப்ப என்னத்துக்கு?”

“பழைய கதையா? ஒன்னய ஊர்ல எல்லாரும் ஏசும்போது, மொத ஆளா நின்னு ஏசுனவ நான்டா!”

வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்தார். அம்மா அவர் சட்டையின் தோள்பட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பிடித்தவர் விடாமல் அழுதார். மாமா, “அக்கா, ஆளுக பாக்குறாங்க” என்றார்.

“கெளம்பு. வீட்டுக்குப் போவோம்.”

“மத்தியானம் வரைக்கும் வேல இருக்குக்கா.”

“இருக்கட்டும். ஒக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்திருந்தார். ஈரம் படாத ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். ஐஸ் பாளம் பாளமாகச் சறுக்கி இறங்குவதையும் தம்பி திருகைத் திருப்புவதையும் பார்த்துக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தார்.

திரும்பும்போது அக்காவும் தம்பியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால். விட்டுப்போன பதினேழு வருடத்தையும் அறந்தாங்கி வருவதற்குள் பேசித் தீர்த்துவிடுவது என்று இரண்டு பேரும் இருந்தார்கள். யார் வீட்டில் யார் போய்ச் சேர்ந்தார்கள், எந்த நிலம் விற்றுப்போனது, மாமா ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறார். பேச்சு ஓய்ந்த ஓர் இடத்தில் அம்மா தன் முந்தானையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

“டேய், இந்தச் சேல ஒனக்கு என்ன கலராத் தெரியுது?”

மாமா வெட்கப்பட்டார். “விடுக்கா.”

“சொல்றா.”

“காப்பிக் கலரு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பாசிப்பச்சைடா இது!” திரும்பி என்னைப் பார்த்தார். “ஒனக்கு?”

“காப்பிக் கலருதாம்மா.”

மாமா சட்டென்று பின்னால் திரும்பினார். நெற்றியெல்லாம் விரிந்து ஒரு சிரிப்பு. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“பாத்தியாக்கா?” என்றார். “ரெண்டு பேருக்கு ஒரு மாதிரி தெரியுது. ஒனக்கு மட்டும்தான் வேற மாதிரித் தெரியுது.”